பாரியின் தேரும் பாரி மகளிரின் குன்றும்

முல்லைக்குத் தேரீந்த பாரியின் கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். கீழ் வகுப்புப் பாடநூலிலே படத்துடன் அறிமுகமாகும் இக்கதை, மேல் வகுப்புகளிலே கடையெழு வள்ளல்களின் வரிசையில் மீண்டும் வருகின்றது; பல்கலைக்கழகத்திலே புறநானூற்றுப் பாடமாக இன்னொரு முறையும் வருகின்றது. எல்லா நிலைகளிலும் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்றே. பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவித்த கொடியொன்றைக் கண்டு மனமிரங்கிய மன்னன், தான் ஏறிவந்த தேரையே அதற்கு விட்டுச் சென்றான். அவன் கருணையே கருணை என்பது பாடம். சற்றுத் துணிந்த மாணவன், கொடிக்கு ஒரு கம்பு போதாதா என்று கேட்பான். அதற்கும் விடை ஆயத்தமாக உண்டு. அது ‘கொடைமடம்’, வரையாது வழங்கும் பெருந்தகையோர்க்கு அத்தகைய அறியாமையும் ஓர் அணியே என்பர். பழமொழி நானூற்றின் ஆசிரியர் காலத்திலேயே இந்தச் சமாதானம் பிறந்துவிட்டது.

புகழ்வோரும் நகைப்போரும் ஆகிய இரு சாராரும் தேரையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். அந்தத் தேர் எந்தப் பாடலிலே, எத்தகைய சூழ்நிலையிலே, யாருடைய வாயிலிருந்து பேசப்படுகின்றது என்று அவர்கள் கேட்பதில்லை. இவ்வினாக்களை எழுப்புவதே விமரிசனத்தின் முதற் கடமையாகும். வன்னி நிலத்திலிருந்து புறநானூற்றைப் படிப்போருக்கு இவை புலமைக்காக மட்டும் கேட்கப்படும் வினாக்கள் அல்ல என்பது மேலே தெளிவாகும்.

தேர்க்கொடையைக் கபிலர் விரிவாக எடுத்துரைக்கும் இடங்கள் புறநானூற்றின் 200ஆம், 201ஆம் பாடல்களாகும். அவை பாரியின் அவையிலே பாடப்பட்டவை அல்ல. பாரி அப்போது உயிருடன் இல்லை. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டனர். உழவரால் உழப்படாமலே மூங்கில் நெல்லும் பலாப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் அந்த மலையை முற்றுகையால் வெல்ல முடியாது என்று கபிலர் 109ஆம் பாடலிலே பாடியிருந்தார். ஆயினும் பறம்பு வீழ்ந்தது, பாரி மாண்டான். தந்தையை இழந்த பெண்கள் இருவரை அழைத்துக்கொண்டு புலவர் நாடு நாடாகச் செல்கின்றார். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அவர்களை மணந்துகொள்ளுமாறு வேண்டுகின்றார். “இவர்கள் யார்?” என்ற கேள்வி எழுமிடத்தே, முல்லைக்குத் தேர் கொடுத்தவனின் மக்கள் என்று அறிமுகம் செய்கின்றார். அந்த அறிமுகம் பயன்பட்டதா? இல்லை. இருங்கோவேளின் மறுப்புக்குப் பின்னர் கபிலர் கொண்ட சினத்தை 202ஆம் பாடல் காட்டுகின்றது.

ஆகவே, கபிலரிடமிருந்து தேரின் கதை நமக்குக் கிடைப்பது போரினால் வீடும் நாடும் இழந்து புகலிடம் தேடிச் செல்லும் பெண்களைப் பற்றிய பாடல்களின் வழியாகவே. கொடையின் புகழ் எத்துணைப் பெரிதாயினும், கொடுத்தவனின் சொந்தப் பிள்ளைகளுக்கே அது ஒரு நிழலாக உதவவில்லை.

இனி, அப்பெண்கள் தாமே பாடியதாக வழங்கும் 112ஆம் பாடலை நோக்குவோம். ஐந்தே அடிகளில் அமைந்த சிறு பாட்டு அது. அதிலே தேர் இல்லை, முல்லைக்கொடி இல்லை, வள்ளன்மை என்ற பேச்சே இல்லை. ஒரு முழுநிலவிலே தங்களிடம் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. அடுத்த நிலவிலே குன்றைப் பிறர் கொண்டனர், தந்தையும் இல்லை. அவ்வளவே அவர்கள் சொல்வது. அவர்களுக்காகப் பரிந்து பேசுபவர் தேரை நினைவூட்டுகின்றார். அவர்களோ நிலத்தையும் உறவையும் பேசுகின்றனர். கபிலரின் அன்பை நாம் ஐயுறவில்லை. மன்னரிடம் செல்பவர் மன்னருக்கு விளங்கும் மொழியிலேதான் பேச வேண்டியிருந்தது. புலவரும் புரவலரும் கொண்டிருந்த உறவைக் கைலாசபதி 1968இல் வெளிவந்த தமது ஆங்கில நூலிலே வீரயுகச் சமுதாயத்தின் பின்னணியில் வைத்து ஆராய்ந்துள்ளார். அந்த உறவினுள்ளே கொடையே நாணயம். வேறு நாணயம் செல்லாது. பாதிக்கப்பட்டோரின் மொழிக்கும் அவருக்காகப் பேசுவோரின் மொழிக்கும் இடையேயுள்ள இந்தத் தூரமே இக்கட்டுரையின் பொருள்.

அரசர் ஏறும் ஊர்தியைத் தருமத்துக்கு வழங்கும் வழக்கம் பறம்பு மலையோடு முடிந்துவிடவில்லை. 1964 டிசெம்பரிலே பாப்பரசர் ஆறாம் பவுல் அனைத்துலக நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்தார். அவருடைய பயன்பாட்டுக்கென அமெரிக்காவிலிருந்து அன்பளிப்பாக வந்த வெள்ளை நிற லிங்கன் காரைப் புறப்படும்போது அன்னை தெரேசாவுக்கு அளித்துச் சென்றார். அன்னை அதிலே ஏறவில்லை. அதிர்ஷ்டலாபச் சீட்டு மூலம் பணமாக்கி, மேற்கு வங்கத்தின் சாந்தி நகரிலே தொழுநோயாளருக்கான குடியிருப்புக்குப் பயன்படுத்தினார். 2017 நவம்பர் 15ஆம் திகதி இத்தாலியின் லம்போர்கினி நிறுவனம், மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடவல்ல ஹுராக்கன் கார் ஒன்றை, வத்திக்கான் கொடியின் வெள்ளையும் மஞ்சளும் தீட்டி, பாப்பரசர் பிரான்சிசுக்கு வழங்கியது. அவர் அதன் முகப்பிலே கையொப்பமிட்டு ஏலத்துக்கு அனுப்பினார். 2018 மே 12ஆம் திகதி மொன்ரே கார்லோவிலே அது 7,15,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. ஈராக்கிலே போரினால் அழிந்த நினிவே சமவெளியின் வீடுகளைக் கட்டுதல், கடத்தப்பட்ட பெண்களின் மறுவாழ்வு, ஆபிரிக்காவிலே மருத்துவப் பணி ஆகியவற்றுக்கு அப்பணம் ஒதுக்கப்பட்டது.

2022 மே 5ஆம் திகதி இவை யாவற்றையும் விஞ்சிய விற்பனை ஒன்று ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரிலே நடைபெற்றது. மெர்சிடிஸ் நிறுவனம் 1955இல் இரண்டே இரண்டாகச் செய்து, தன்னிடமே வைத்திருந்த 300 எஸ்.எல்.ஆர். உலன்ஹவுட் கூப்பே கார்களில் ஒன்று, தனிப்பட்ட சேகரிப்பாளர் ஒருவருக்கு 13.5 கோடி யூரோவுக்கு விற்கப்பட்டது. மோட்டார் வாகனம் ஒன்றுக்கு அதுவரை கொடுக்கப்பட்ட விலைகளுள் அதுவே மிகப் பெரியது. அத்தொகை மாணவர்களின் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான நிதியமாகும் என்று நிறுவனம் அறிவித்தது.

அந்தத் தொகையின் பருமனை வன்னி மொழியிலே சொல்லிப் பார்ப்போம். போருக்குப் பின்னர் இந்திய அரசு இலங்கையிலே 50,000 வீடுகளைக் கட்டும் திட்டமொன்றை மேற்கொண்டது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இன்று மக்கள் குடியிருக்கும் கல்வீடுகளிலே பல அத்திட்டத்தின் கீழ் வந்தவை. வடக்கு, கிழக்கிலே ஒரு வீட்டுக்கு வழங்கப்பட்ட உதவி ஐந்தரை இலட்சம் ரூபாய். அத்திட்டத்தின் மொத்தச் செலவு ஏறக்குறைய 27 கோடி டொலர். ஒரு காரின் விலை அதிலே பாதியளவு. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கூரையாகக் கூடிய செல்வம், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிறுவனத்திடமே இருந்த ஓர் ஊர்தியினுள் உறைந்து கிடந்திருக்கின்றது. அது விற்கப்பட்ட மே மாதத்திலே இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்து ஒரு மாதம் கூட முழுதாகக் கழியவில்லை. நம் மீனவரின் படகு இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை; வயலிலே உழவு இயந்திரங்களுக்கு டீசல் இல்லை.

இக்கொடைகளால் நன்மையே விளையவில்லை என்று நாம் கூற வரவில்லை. சாந்தி நகரிலே மருந்து பெற்றவருக்கும் நினிவேயிலே கூரை கிடைத்தவருக்கும் அந்தப் பணம் உண்மையானது. நாம் விமரிசிப்பது, அக்கொடைகள் உலகுக்குக் கற்பிக்கும் பார்வையை.

முதலாவதாக, இத்தகைய கொடையிலே செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மறைந்துவிடுகின்றது. எவரும் ஓட்டத் தேவையில்லாத வேகத்தோடு, எந்தத் தெருவுக்கும் பொருந்தாத ஊர்தி ஒன்று ஏன் செய்யப்படுகின்றது? உழைப்போரின் கைக்கு வராத மிகுதி எங்கோ குவிந்திருப்பதால் அன்றோ? குவிந்த இடத்திலிருந்து ஒரு துளி வழியும்போது, குவிந்ததைப் பற்றிப் பேசுவது நன்றி கெட்ட செயலாகத் தோன்றத் தொடங்குகின்றது. இரண்டாவதாக, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதைக் கொடுப்பவரே தீர்மானிக்கின்றார். பாரியின் வழியிலே முல்லை நின்றது. அடுத்த காட்டிலே நின்ற கொடிக்கு என்ன கிடைத்தது என்று எவரும் பாடவில்லை. மூன்றாவதாக, கொடை தனக்கென ஒரு கணக்கையும் வைத்துக்கொள்கின்றது. அமெரிக்காவிலே பழைய கார்களைத் தரும நிறுவனங்களுக்குக் கொடுப்போர் அவற்றின் மதிப்பை மிகையாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொண்டனர். இதனைத் தடுக்க 2004இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. 500 டொலருக்கு மேற்பட்ட ஊர்தியைத் தரும நிறுவனம் விற்றுவிடின், விற்ற விலைக்கு மேல் பொதுவாகக் கழிவு கேட்க முடியாதென்று அது வரையறுத்தது. வரியாக வந்திருப்பின் எல்லாருடைய பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் சென்றிருக்கக்கூடிய பணம், கொடையாகும்போது கொடுத்தவர் பெயரைத் தாங்கிச் செல்கின்றது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வன்னியிலே ஊர்தி என்றால் என்ன? அது சேகரித்து வைக்கும் பொருளன்று. துவிச்சக்கர வண்டி, மாட்டு வண்டி, லான்ட்மாஸ்டர் எனப்படும் இருசில்லு உழவு இயந்திரம் ஆகியவையே இங்கு குடும்பங்களின் பிழைப்பு. 1990களிலே பொருளாதாரத் தடையினால் பெற்றோல் அருமையானபோது, சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பிப் பின்னர் மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டினர் நம் மக்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்த பின், உழவு இயந்திரப் பெட்டிகளிலே பாத்திரமும் நெல் மூட்டையும் முதியோரும் குழந்தைகளும் ஏற்றப்பட்டுத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர்ந்து முள்ளிவாய்க்காலிலே போய் நின்றனர். அவ்வாண்டு மே மாதம் அங்கிருந்து வெளியேறியபோது ஊர்திகளை விட்டுவிட்டு நடந்தே வந்தனர். எரிந்தும் துருப்பிடித்தும் கிடந்த அந்த ஊர்திகளின் குவியல்கள் போருக்குப் பின் ஆண்டுக்கணக்காக அக்கரையிலே காணப்பட்டன. தாமாக மனமிரங்கித் தேரை விட்டு வந்தவர் அல்லர் இவர்கள். எல்லாவற்றையும் விட்டுவரும்படி செய்யப்பட்டவர்கள்.

அதன் பின்னர் வன்னிக்குக் கொடைகள் வந்தன. பல கைகளிலிருந்தும் வந்தன. சில கண்ணியமாக வந்தன. சில நிழற்படக் கருவியோடு வந்தன. ஆனால் வன்னி மக்கள் தம் வாயாலே கேட்டது யாது? செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டபோது, கேப்பாப்புலவு மக்கள் தம் ஊருக்கு அனுப்பப்படாமல் மாதிரிக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டனர். அவர்தம் காணியிலே படைமுகாம் இருந்தது. 2017 ஜனவரி இறுதியிலே பிலக்குடியிருப்பு மக்கள் முகாம் வாயிலிலே அமர்ந்தனர். ஒரு மாதம் இரவு பகலாக அங்கேயே இருந்து மார்ச் முதலாம் திகதி தம் நிலத்தினுள் நுழைந்தனர். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி, கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கடற்படையின் பிடியில் இருந்த இரணைதீவுக்கு அத்தீவின் மக்கள் தம் படகுகளிலேயே சென்று இறங்கினர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன்னே, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்தனர். வவுனியாவும் முல்லைத்தீவும் தொடர்ந்தன. 2022 மார்ச்சிலே, காணாமற் போனோரின் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, போராடிய தாய்மார் அதனை வேண்டாமென்று மறுத்தனர். வறுமையிலே வாடிய குடும்பங்கள் அவை. பணத்தின் தேவையை அறியாமல் மறுத்தவர் அல்லர். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குப் பணம் விடையாகாது என்பதை அறிந்து மறுத்தவர்கள்.

நிலம் எங்கே? உறவு எங்கே? பாரி மகளிர் ஐந்தடியிலே சொன்னவையும் இவையே. அவர்களைப் பற்றிப் பேசிய புலவரின் சொல் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பழமொழியாக வழங்குகின்றது. அவர்கள் கேட்டதை யார் திருப்பிக் கொடுத்தார் என்ற கேள்வி மட்டும் பாடநூல்களிலே இடம்பெறவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பசித்தவனிடம் சென்று, உரிமை வரும்வரை கஞ்சியைக் குடியாதே என்று சொல்லலாமா என்பர். சொல்லக்கூடாது. அவ்வாறு சொல்வது தாம் உண்டபின் பிறருக்குக் கற்பிக்கும் விரதம். வருவதை வாங்குவதிலே இழிவில்லை. ஆயினும் வாங்குவோர் அதற்கு ஈடாகத் தம் கேள்வியையும் கொடுத்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் கொடையை இனங்காணவேண்டும். கொடை ஒரு பொது உரிமையாக மாறும் இடமும் உண்டு. இந்திய உதவியோடு தொடங்கப்பட்ட 1990 நோயாளர் காவு வண்டிச் சேவை 2018இலே வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்டது. ஓர் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வண்டி வருகின்றது. அழைப்பவர் எவருக்கும் நன்றி கூறி நிற்க வேண்டியதில்லை. ஒருவர் மனமிரங்கினால் வருவது என்ற நிலையிலிருந்து, அழைத்தால் வரவேண்டியது என்ற நிலைக்கு ஊர்தி இங்கே நகர்ந்துவிடுகின்றது. அந்த நகர்வுதான் நமக்கு வேண்டியது.

கொடுப்போரிலும் வேறொரு மரபு வன்னிக்கு உண்டு. 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து அகதிகளாக வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவை வந்தடைந்தன. மருத்துவர் சோ. இராஜசுந்தரமும் கட்டிடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் உருவாக்கிய காந்தீயம் அமைப்பு அவர்களைக் காணிகளிலே குடியேற்றியது. கிணறு வெட்டவும் பயிரிடவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும் துணைநின்றது. கட்டிடக் கலையிலே பெரும் பதவிகளையும் வருமானத்தையும் அடையக்கூடியவர் டேவிட். அவர் தம் உழைப்பையும் பணத்தையும் இந்த மண்ணிலே இட்டார். பெற்றவர்கள் இரவலராக நிற்கவில்லை, உழுது நின்றனர். ஆட்சியாளர் அதைப் பொறுக்கவில்லை. 1983 ஏப்ரலிலே இருவரும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறைப் படுகொலையிலே இராஜசுந்தரம் மாண்டார். கார் ஒன்றை ஏலத்துக்கு விட்டதற்காக எவரும் சிறை சென்றதாக நாம் அறியோம். நிலமற்றவனை நிலத்திலே நிறுத்தும் கொடை, நிலவும் ஏற்பாட்டையே தொட்டுவிடுகின்றது. அதனால் அதற்கு விலையும் வேறாகின்றது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் நாம் சொல்ல விழைவது இதுவே. பாரியை வகுப்பறையிலிருந்து வெளியேற்ற வேண்டியதில்லை. முந்நூறு ஊர்களையும் இரவலர்க்குக் கொடுத்தான் என்று பாடப்பெற்றவனை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆனால் 200ஆம், 201ஆம் பாடல்களைக் கற்பிக்கும் நாளிலேயே 112ஆம் பாடலையும் கற்பிக்கவேண்டும். தேரைப் பற்றி ஒரு வினா கேட்டால், குன்றைப் பற்றியும் ஒரு வினா கேட்கவேண்டும். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் அவ்வகுப்பிலே அமர்ந்திருக்கும் பிள்ளைகளிலே சிலர், தந்தையும் காணியும் இல்லாத நிலவைத் தம் வீட்டிலேயே கண்டவர்கள். அவர்களுக்குக் கொடையின் பெருமையை மட்டும் கற்பிப்பது, நன்றி சொல்லக் கற்பித்துக் கேள்வி கேட்க மறக்கச் செய்வதாகும்.

கொடையைக் குறித்துச் சங்கப் புலவர் எல்லாரும் ஒரே மொழியிலே பேசவும் இல்லை. மயிலுக்குப் போர்வை கொடுத்துப் புகழ்பெற்ற பேகன், தன் மனைவி கண்ணகியைத் துறந்து அவளை வீட்டிலே கண்ணீரோடு இருக்கவிட்டான். 145ஆம் பாடலிலே பரணர் அவனிடம் செல்கின்றார். அந்தப் போர்வைப் புகழை அவன் முன்னே சொல்லிவிட்டு, தாம் பசியால் வரவில்லை, தாங்கவேண்டிய சுற்றமும் தமக்கில்லை என்கின்றார். இந்த இரவே உன் தேரிலே ஏறிச் சென்று அவள் துயரைத் தீர்ப்பதே யாம் வேண்டும் பரிசில் என்கின்றார். தேரை அவர் தமக்கென்று கேட்கவில்லை. கடன்பட்ட இடத்துக்கு அது செல்லவேண்டும் என்றே கேட்கின்றார். பரிசில் பெற்று வாழும் புலவர் ஒருவர் புரவலன் முன்னே அவ்வாறு கேட்கத் துணிந்தார் எனின், சம்பளம் பெற்றுக் கற்பிக்கும் நாமும், வாக்குரிமை பெற்ற நம் மாணவரும் அதற்குக் குறைவாகக் கேட்க நியாயமில்லை.